வேர்க்கும் டப்பா

டெல்லியின் ஆகஸ்ட் புழுக்கத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்கு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் பொருத்தப் போயிருந்தேன். கொடுத்த மருந்து திசுவில் எங்கெங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதை வண்ணப்படமாகக் காட்டும் இயந்திரம் அது. அதைப் பயன்படுத்தவிருந்த விஞ்ஞானி ஜனக்புரியிலிருந்து வரும் தமிழ்ப் பெண்மணி. ஆய்வக ஏசி குளிருக்கு எப்போதும் ஸ்வெட்டர், கொண்டையில் செருகிய பென்சில்.

மருந்து கொடுத்த எலியின் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்த திசுச்சீவல் ஒட்டிய கண்ணாடித் தகடுகளை உறைபெட்டியிலிருந்து எடுத்தால், அந்த டப்பாவை அவர் உடனே திறக்கமாட்டார். குளிர் போகும்வரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"டப்பாவுக்கு வெளியே வேர்க்கட்டும் தம்பி. உள்ள வேர்த்தா அந்த ஈரத்துல மருந்து இடம் மாறிடும்."

ஒருநாள் மேலதிகாரி வந்து "ஜல்தி, ஜல்தி" என்று அவசரப்படுத்தி நின்றதில் மேடமே டப்பாவைச் சீக்கிரம் திறந்துவிட்டார். மாலையில் வந்த படத்தில் எலியின் கட்டி முழுக்கச் சிவப்பாக மின்னியது. மருந்து கட்டியின் நடுவரை போயிருக்கிறது என்று மேலதிகாரி கைகொடுக்க வந்தார். இவர் கையை நீட்டவில்லை. நாளை மறுபடி எடுக்கிறேன் என்று இந்தியில் சொன்னார்.

மறுநாள் வேறொரு தகட்டை வைத்துப் பொறுமையாக எடுத்த படத்தில் ஓரம் மட்டுமே சிவப்பு. நடுவில் இருட்டு.

"நேத்து படம் நல்லாயிருந்துச்சே மேடம்" என்றேன்.

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அது தண்ணி இழுத்துட்டுப் போன மருந்து. நோயாளி உடம்புக்குள்ள யாரு தம்பி போய்த் தண்ணி தெளிப்பாங்க?"

சொல்லிவிட்டு எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

அந்த மருந்தை உருவாக்கியதே அவர்தான் என்பது, நான் ஊருக்குக் கிளம்பும் அன்று வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.