கண்ணாடி இறங்காத சட்டம்

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பகுதியில் மரவேலை செய்யும் ஓடாவிமார் குறைந்துகொண்டு வந்தார்கள். கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் வாளும் உளியும் பிடிக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகச் சவூதிக்கும் குவைத்துக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். பட்டம் பெற்று மூன்றாண்டு கழிந்தும் ஆசிரிய நியமனம் வராமல் வீட்டில் இருந்த நானும் போவதென்று முடிவு செய்தேன். பட்டதாரிக்கு அங்கே இடம் இல்லை, ஓடாவிக்கு இருந்தது. ஆகவே ஓடாவியாகப் போவது என்றாயிற்று.

இந்த முடிவின் விளைவுகளை நான் யோசிக்காமல் இல்லை. மாலை வகுப்புகளில் கடற்றொழிலாளர் பிள்ளைகளுக்கு இலவசமாகப் படிப்பித்துக்கொண்டிருந்தவன் நான். உழைப்பவனின் உரிமை பற்றி வாசிப்பு வட்டத்தில் நீளமாகப் பேசியவன். தொழில் தெரிந்த ஒருவனின் இடத்தில் தொழில் தெரியாத நான் போய் உட்காரப் போகிறேன் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் அந்த ஒருவனுக்கு அப்போது முகம் இருக்கவில்லை.

நான் ராத்தா என்றழைக்கும் அக்காவின் கணவர் ஓடாவி. என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். எங்கள் வழக்கப்படி பெண்ணுக்குக் கொடுத்த வீட்டுக்கே மாப்பிள்ளை வந்துவிடுவதால், உம்மாவின் வீட்டு வளவிலேயே அவருக்கு ஒரு கிடுகுக் கொட்டில் இருந்தது. அதுதான் அவருடைய பட்டறை. அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள். எங்கள் ஊரில் அதன் பொருள் மூன்று வீடுகள். மூத்தவளுக்கு ஒன்பது வயது. அவளுக்கென்று போட்ட அத்திவாரத்தின் மேல் இரண்டு மாரி பெய்து, புல் முளைத்திருந்தது. மச்சானும் அதே வேலைக்குத்தான் விண்ணப்பித்தார். நான் அவருடைய பட்டறையில் ஐந்தாண்டு வேலை செய்ததாக ஒரு கடிதத்தில் ஒப்பமிட்டுத் தந்தவரும் அவர்தான்.

கொழும்பில் தொழிற் பரீட்சை இருந்தது. போய்வந்தவர்களை விசாரித்ததில், கண்ணாடி போடும் சட்டம் ஒன்றைச் செய்யச் சொல்வார்கள் என்று தெரிந்தது. நான்கு மூலையும் நாற்பத்தைந்து பாகையில் சாய்த்து வெட்டிப் பொருத்த வேண்டும். கேட்பதற்கு எளிது. இரண்டு மாதம் பலாத் துண்டுகளை அறுத்து அறுத்துக் களைத்துப் போனேன். மூன்று மூலைகள் ஒட்டி நிற்கும். நான்காவது மட்டும் பிளந்துகொண்டு போகும்.

"என்ன மச்சான், உன்ட சட்டம் கொட்டாவி விடுது?" என்று, என்னையும் மச்சான் என்றே கூப்பிடும் அவர் கேட்டுக்கொண்டே ராத்தாவிடம் தேநீர் வாங்குவார்.

"வெட்டெல்லாம் சரியான நாப்பத்தஞ்சு மச்சான். பாகைமானி வச்சுப் பாத்திட்டன்."

"கோணம் சரிதான். எதிரெதிரா வாற ரெண்டு துண்டையும் முதுகோட முதுகு சேத்துப் பாத்தியா?"

சேர்த்துப் பார்த்தேன். ஒன்று மற்றதைவிட ஒரு நெல்லின் தடிப்புக்கு நீண்டிருந்தது.

"ஒவ்வொரு மூலையிலயும் நீ விட்ட பிழையெல்லாம் சேந்து கடைசி மூலைக்குத்தான் வரும். அங்க வந்து நிண்டுக்கிட்டு நாப்பத்தஞ்சு எண்டு கத்தினா மரம் கேக்குமா?"

அதன்பின் சோடித் துண்டுகளைச் சேர்த்துக் கட்டி அளந்தேன். பென்சில் கோட்டை நம்பாமல் கத்திமுனையால் கீறினேன். கீறலுக்கு வெளியே அறுத்து, மிஞ்சியதைச் சீவுளியால் இழைத்து எடுத்தேன். ஓரளவு சேர்ந்தது. சேராத இடத்துக்கு அவர் ஒரு கள்ளவேலையும் காட்டித் தந்தார். மரத்தூளைப் பசையில் குழைத்து இடைவெளியில் அப்பி, காய்ந்ததும் தேய்த்துவிட வேண்டும்.

"இது அல்லாவுக்குத் தெரியும், வீட்டுக்காரனுக்குத் தெரியா" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அதுக்காக இதையே தொழிலா வச்சுக்காத" என்றார்.

பரீட்சை ஒரு தகரக் கொட்டகையில் நடந்தது. இருபது பேர் அளவில் இருந்தோம். மச்சானுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து மேசைகள். ஆளுக்கு ஒரு மரத்துண்டும் ஒரு வரைபடமும் தந்தார்கள். வெட்டுப் பிழைத்து மரம் வீணானால் வேறு மரம் தரமாட்டார்கள், யாராவது கதைத்தால் கதைத்தவரையும் கேட்டவரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று ஒருவர் சிங்களத்தில் அறிவித்தார். சந்தைச் சிங்களம் தெரிந்த மச்சானுக்கும் அது விளங்கியது.

வரைபடத்தில் ஒரு நீள்சதுரமும் இரண்டு எண்களும் இருந்தன. மேலே சிறிய எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி: தரப்பட்டுள்ள அளவுகள் சட்டத்தின் உட்புற அளவுகள். அதை வாசித்துவிட்டு என் மரத்தில் கீறத் தொடங்கினேன். சாய்வு வெட்டில் ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு நீளங்கள் உண்டு. வெளி விளிம்பு நீளமானது, உள் விளிம்பு குறுகியது. எதை அளப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் ஊர் ஓடாவிமார் எப்போதும் வெளி விளிம்பையே அளப்பார்கள். அவர்கள் செய்வது சுவரில் விட்ட இடத்துக்குள் போய் உட்காரும் யன்னல், நிலை, கதவு. வெளியளவு சரியென்றால் போதும். கண்ணாடியைப் பிறகு சட்டத்துக்கு ஏற்றபடி வெட்டிக்கொள்வார்கள்.

நிமிர்ந்தபோது மச்சான் தம் மரத்தின் வெளி விளிம்பில் அளவு நாடாவைப் பிடித்திருந்தார்.

அந்த நிமிடத்தைப் பல தடவை எழுதிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சாதகமாகவே ஏதோ ஒரு சொல் வந்து விழுகிறது. ஆகையால் நடந்ததை மட்டும் சொல்கிறேன். நான் பேசினால் இருவரையும் அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் போகாததைவிட ஒருவர் போவது குடும்பத்துக்கு நல்லது என்று நினைத்தேன். ஒருவேளை உள்ளளவு வெளியளவு என்பதை அவர்கள் பெரிதாக எடுக்கமாட்டார்கள் என்றும் நினைத்தேன். இப்படி எடைபோட்டுக்கொண்டிருக்கையில் அவருடைய வாள் முதல் துண்டை அறுத்து முடித்துவிட்டது. அதன் பிறகு பேசுவதில் பயன் இல்லை என்ற இன்னொரு நியாயமும் எனக்குக் கிடைத்தது.

அவர் எல்லோருக்கும் முன்னதாக முடித்தார். மிஞ்சிய மரத்தை, வீணாக்கவில்லை என்று காட்டுவதற்காகவோ என்னவோ, மேசையின் ஓரத்தில் நேராக அடுக்கி வைத்தார். அவ்வளவு மரம் ஏன் மிஞ்சியது என்று அவருக்குத் தோன்றவில்லை. சிக்கனமாக வெட்டிப் பழகியவருக்கு மரம் மிஞ்சுவது புதிதல்ல. என் சட்டத்தில் இரண்டு மூலைகள் சேரவில்லை. மரத்தூளைக் குழைத்து அப்பினேன்.

பரீட்சகர் ஒரு வெளிநாட்டவர். அவருடைய உதவியாளர் ஒரு கண்ணாடித் தகட்டைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக வந்தார். மச்சானின் சட்டத்தைப் பரீட்சகர் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். நான்கு மூலையிலும் மயிரிழை வெளிச்சம்கூடத் தெரியவில்லை. குறுக்காக இரு பக்கமும் அளந்தார். தலையை ஆட்டினார். பிறகு கண்ணாடியை வைத்தார். அது இறங்கவில்லை. நான்கு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்கு மரத்தின் மேல் ஏறிக் கிடந்தது. மச்சான் அதை மெல்ல அமர்த்திப் பார்த்தார், கோளாறு கண்ணாடியில் இருப்பதுபோல.

என்னுடைய சட்டத்தில் கண்ணாடி, உள் விளிம்பில் அதற்கென்று வெட்டிய காடிக்குள் போய் உட்கார்ந்தது.

தேறியவர்களின் பெயர்களை வாசித்து முடித்த பிறகு நான் பரீட்சகரிடம் போனேன். மச்சானுடைய வேலை என்னுடையதைவிட நூறு மடங்கு மேல் என்றும், அந்த ஆங்கில வரி மட்டுமே அவருக்கு விளங்கவில்லை என்றும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "அங்கேயும் வரைபடங்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும்" என்றார். பிறகு என் சட்டத்தை எடுத்து, மூலையில் நகத்தால் ஒரு கீறல் போட்டார். பசை இன்னும் காயவில்லை. அப்பிய தூள் பெயர்ந்து வந்தது. "நீ பழகிக்கொள்வாய்" என்று சொல்லி அதை வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் பகல் பஸ்ஸில் ஊர் திரும்பினோம். மகியங்கனைக்கு இறங்கும் வளைவுகளில் பஸ் திரும்பித் திரும்பிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அவர் கதைத்தார்.

"மேல என்னமோ இங்கிலீசில எழுதிக் கிடந்ததே, அது என்ன?"

"உள்ளளவு எண்டு."

"நீ எப்ப வாசிச்ச?"

"கடதாசி தந்த உடனே."

"நான் அளக்கக்குள்ள கண்டியா?"

"ஓம்."



"கதைச்சா வெளிய போடுவானுகள், அது சரி. ஒரு இருமல் இருமியிருந்தா நான் நிமிந்து பாத்திருப்பன் மச்சான்."

இருமுவதை யாரும் தடைசெய்திருக்கவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை. அத்தனை விளைவுகளையும் யோசித்த எனக்கு அந்தச் சின்ன வழி மட்டும் ஏன் தோன்றாமல் போனது என்பதற்கு இன்றுவரை என்னிடம் நேர்மையான பதில் ஒன்றுதான் உண்டு. அதை நான் விரும்புவதில்லை.

வீட்டில் ராத்தா வாசலிலேயே நின்றார். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள் மச்சான், "தம்பிக்குச் சரி. எனக்குக் கண்ணாடி இறங்கல்ல. நஸீபு அவ்வளவுதான்" என்றார்.

"உங்களுக்கா இறங்கல்ல?" என்றார் ராத்தா. "இவன்ட சட்டத்தில இறங்கி, உங்கட சட்டத்தில இறங்கல்லயா? என்ன புதினம் இது?"

"அளவு பிழைச்சிட்டுப் புள்ள. சோத்தப் போடு."

நானும் அந்தப் பதிலை அப்படியே இருக்க விட்டேன். அடுத்த மாதம் பயணம் புறப்பட்டேன். மச்சான் பஸ் நிலையம்வரை என் பெட்டியைத் தூக்கி வந்தார்.

நான் அங்கே ஒரு நாள்கூட மரம் அறுக்கவில்லை. எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று கண்டதும் களஞ்சியத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். காலையில் ஓடாவிமாருக்கு வாளும் உளியும் கொடுத்துப் பெயர் பதிவதும் மாலையில் திரும்ப வாங்கி வைப்பதும் என் வேலை. அவர்களில் பலருக்கு ஆங்கிலத்தில் ஒரு எழுத்தும் தெரியாது. வரைபடத்தை மேற்பார்வையாளர் வாசித்து, மரத்திலேயே பென்சிலால் கோடு போட்டுக் கொடுப்பார். அவர்கள் கோட்டில் அறுத்தார்கள்.

ஆறாம் மாதம் ராத்தாவின் கடிதத்தின் அடியில் மச்சான் தம் கையால் இரண்டு வரி எழுதியிருந்தார். அந்த வெயிலுக்கு மரம் சுருங்கி மூலைகளின் உட்பக்கம் பிளக்குமே, அங்கே அதற்கு என்ன செய்கிறார்கள் என்று கேட்டிருந்தார்.

இரண்டு வாரம் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு, எனக்குத் தெரியாது என்றும், நான் இங்கே மரம் தொடுவதில்லை, களஞ்சியத்தில் பெயர் எழுதுகிறேன் என்றும் பதில் போட்டேன். மேற்பார்வையாளர் கோடு போட்டுக் கொடுப்பதை மட்டும் எழுதவில்லை.