நிலவு ராஜாவின் ரப்பர் சட்டை

என் மகளுக்கு ஆஸ்பத்திரியில் தாதி வேலை. சம்பளம் வாங்கிய அன்று குனோங் ராபாட் வீட்டுக்குத் திரும்பும் வழியில் இரண்டு வீடியோ கசெட் வாடகைக்கு எடுத்து வருவாள். அதில் ஒன்றாவது வேற்றுக்கிரகத்துக் கதையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன் என்று அவளுக்குத் தெரியும். விண்வெளிக் கப்பல், பேசும் இயந்திரம், ஆயிரம் வருஷம் கழித்து வரப்போகும் பட்டணம் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். என் வயதுப் பெண்கள் மாலையில் கோயிலுக்குக் கிளம்பும்போது நான் செவ்வாய்க்கிரகத்தில் இருப்பேன்.

எனக்கு அந்தப் படங்களில் ஒரே குறை, உடைதான். எதிர்காலத்து மனிதர்கள் எல்லோரும் வெள்ளி நிறத்தில் உடம்போடு ஒட்டிய சட்டை போட்டிருக்கிறார்கள். பொத்தான் கிடையாது. எப்படிக் கழற்றுவார்கள், எப்படித் துவைப்பார்கள், அவசரத்துக்கு எங்கே ஒதுங்குவார்கள் என்று படம் எடுத்தவர்கள் யோசிப்பதே இல்லை. ராஜா காலத்துப் படமும் அப்படித்தான். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய ராணி நேற்றுத்தான் கடையில் வாங்கிய ரவிக்கையோடு அழுதுகொண்டிருப்பாள். முன்காலமோ பின்காலமோ, கதைக்காரர் எவ்வளவு தூரம் போனாலும் தையல்காரர் மட்டும் வீட்டை விட்டு நகர்வதில்லை என்று நான் சொன்னால் மகள் சிரிப்பாள். "நீ மட்டும் ரொம்பக் கண்டியாம்மா?" என்பாள்.

கண்டிருக்கிறேன். நிலவின் ராஜாவுக்குச் சட்டை செய்த கைக்கு நான் மாவுக் கிண்ணம் ஏந்தியிருக்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் நாங்கள் சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் மரப்பட்டையை வெட்டிப் பால் எடுப்பவர்கள். அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடு, வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் இருந்தார். அவருக்கு வேலை பால் கொட்டகையில். பாலை உறைய வைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கிப் புகைக்கு அனுப்புகிற இடம். அத்தை வேலையிலிருந்து வந்தால் புளித்த பால் வாடை வரும். நான் அந்த வாடையைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவேன். அந்த வருஷம் தோட்டத்து அம்மன் கோயில் திருவிழா முடிந்ததும் அத்தையைப் பினாங்கில் கப்பலேற்றிக் கடலுக்கு அப்பால் சொந்த ஊருக்கு அனுப்புவதாக அப்பா முடிவு செய்திருந்தார். அங்கே தூரத்துச் சொந்தத்தில் மனைவியை இழந்த ஒருவர், அத்தையைவிட இரண்டு மடங்கு வயது, காத்திருந்தார். அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். அத்தை வழக்கம்போல வேலைக்குப் போய்வந்தார். நான்தான் மூலையில் உட்கார்ந்து அழுதேன். அம்மன் எப்படியாவது கப்பலை மூழ்கடித்துவிட வேண்டும், அதற்குள் அத்தை இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் லோரிக்காரர் நிலவைக் கொண்டுவந்தார். தோட்டத்து ரப்பரை ஈப்போவுக்கு ஏற்றிப்போகும் இளைஞர் அவர். அங்கே ஒரு படக் கொட்டகையில் பேசாத படம் பார்த்துவிட்டு வந்து, லயத்து வாசலில் உட்கார்ந்து கதை சொன்னார். குண்டு மாதிரி ஒரு வண்டியில் ஏறி மனிதர்கள் நிலவுக்குப் போன கதை. நிலவில் ராஜா இருந்தார், படை இருந்தது. நான் வாயைப் பிளந்து கேட்டேன். என் பக்கத்தில் அத்தை முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு கல் பொறுக்கினார். கதை முடியும்வரை ஒரு கல்லும் கீழே விழவில்லை.

"நெலாவுல பொம்பளைங்க என்னா உடுத்தியிருந்தாங்க?" என்று அத்தை கேட்டார்.

லோரிக்காரர் முகம் சிவந்துவிட்டது. "முழங்கால் வரைக்கும்தான் பாவாட. முடிய கழுத்தோட வெட்டிட்டாங்க. தலையில சட்டியக் கவுத்த மாதிரி தொப்பி," என்றார்.

நான் திடுக்கிட்டேன். எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் மனைவி, துரைசாணி, அந்த வருஷம் சீமையிலிருந்து வந்து இறங்கியபோது அச்சு அசலாக அப்படித்தான் இருந்தார். குட்டை முடி, குட்டைப் பாவாடை, கண்ணை மறைக்கும் சட்டித் தொப்பி. துரைசாணி நிலவிலிருந்து வந்தவர் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. ஒரு வாரம் பங்களா வேலிக்கு வெளியே நின்று, அவர் இரவில் எந்தப் பக்கம் அண்ணாந்து பார்க்கிறார் என்று கவனித்தேன். அந்தக் காலத்துச் சீமை நாகரிகத்தைப் படக்காரர்கள் அப்படியே நிலவுக்கு அனுப்பியிருந்தார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

லோரிக்காரரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நிலவுவரை போய்வரும் அந்த வாய், அப்பாவைக் கண்டால் அடைத்துக்கொள்ளும். எங்கள் வீட்டுப் பக்கம் எதற்கோ வருவார், அப்பா "என்னாப்பா?" என்றால் "ஒன்னுல்லண்ணே" என்று திரும்பிப் போய்விடுவார். அவருக்கு மறதி வியாதி என்று நான் நினைத்தேன்.

திருவிழா நாடகத்தை, தோட்டத்து ஆட்களை மேய்க்கும் பெரிய கங்காணிதான் நடத்துவார். அந்த வருஷம் நிலவுக் கதையையே போடலாம் என்று பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து அவரை நச்சரித்தோம். கதை சொன்னவரே ராஜா என்று முடிவாயிற்று. உடையில்தான் சண்டை. ராஜா என்றால் வெல்வெட்டு அங்கி, ஜரிகை, மார்பில் கண்ணாடிப் பதக்கம், இதுதான் கங்காணிக்குத் தெரிந்த ராஜா. நாடகப் பெட்டியைத் திறந்தால் வெல்வெட்டில் எலி குடும்பம் நடத்தியிருந்தது.

அப்போது அத்தை, "ரப்பர்லயே செஞ்சிரலாம் மாமா," என்றார். கங்காணியை எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். குமிழி விழுந்து கழித்த தகடு பால் கொட்டகையில் கிடந்தது. புகை படாதது, பால் மாதிரி வெள்ளை. நிலவுக்காரர்களுக்கு அதைவிடப் பொருத்தமான துணி உலகத்தில் கிடையாது. தைக்கவும் வேண்டாம், ஓரத்தோடு ஓரம் வைத்து அமுக்கினால் போதும் என்று அத்தை செய்தே காட்டினார்.

"அப்ப ஆளு மேலயும் ஒட்டிக்காதா?" என்று கங்காணி கேட்டார்.

"மரவள்ளி மாவு தேச்சிட்டா ஒட்டாது மாமா."

துரை நாடகம் பார்க்க வருகிறேன் என்றார், ஆனால் ராத்திரி முழுக்க உட்கார முடியாது, தேநீர் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். விடிய விடிய ஆடுகிற நாடகத்தைச் சித்திரை வெயிலில், மேற்கே பார்த்த மேடையில் ஆடும்படி ஆயிற்று. கங்காணி தலையில் கை வைத்தார். நடிக்கிற ஆம்பிளைகளுக்கெல்லாம் அத்தை ரப்பர் சட்டை செய்தார். எங்களுக்கு, நிலவுச் சிறுவர்களுக்கு, மரத்தில் பால் பிடிக்கும் மங்கு என்ற கோப்பையைத் தலையில் கவிழ்த்துக் கட்டினார். மரத்தில் தொங்க வேண்டிய மங்கு தலையில் ஏறியதும் நான் மனுஷியாக இல்லை. மாவு தேய்ப்பதும் என் வேலைதான். கிண்ணத்தில் மாவை எடுத்து ஒவ்வொரு சட்டைக்கும் உள்ளும் புறமும் தேய்த்தேன். கடைசியில் ராஜாவின் அங்கியும், ரப்பர் போர்த்திய அரியணையும் இருந்தன. கையை வைக்கப் போனேன்.

"அதுக்கு வேணாம்டி," என்றார் அத்தை. "ராசா பளபளன்னு இருக்கணும்லா."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

நாடகம் தொடங்கியது. துரையும் துரைசாணியும் முன்வரிசையில் நாற்காலியில். பக்கத்தில் அப்பா கைகட்டி நின்றார். கோயில் மண்டபத்து மூலையில் அம்மன் கழுத்திலிருந்து எடுத்த இரண்டு மாலை தாம்பாளத்தில் இருந்தன. எந்த நாடகமானாலும் கடைசியில் ராஜாவுக்கும் ராணிக்கும் அம்மன் மாலை போட்டு மங்களம் பாடித்தான் முடிக்க வேண்டும். மங்களம் பாடாமல் பாதியில் நின்றால் தோட்டத்துக்கு ஆகாது, பால் வற்றிவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். ராணி வேஷம் எப்போதும் ஆம்பிளைதான்; கங்காணியின் மைத்துனர் மீசையை எடுத்துவிட்டு, சவுரி முடியோடு உட்கார்ந்திருந்தார். அதனால் அந்த மாலையை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

ராஜா வந்தார். வெயிலில் அவர் அங்கி உண்மையிலேயே பளபளத்தது. அரியணையில் உட்கார்ந்து பூமிக்காரர்களை விசாரித்தார். வீட்டு வாசலில் திக்குகிறவர் மேடையில் கணீர் என்று பேசினார். துரைசாணி கைதட்டினார். சொந்த ஊரைக் கண்ட மகிழ்ச்சி என்று நான் நினைத்தேன். கடைசிக் காட்சியில் ராஜா எழுந்து பறக்கும் வண்டியில் ஏற வேண்டும். "எழுக என் படையே," என்று சொல்லி ராஜா எழுந்தார். அரியணையும் கூடவே எழுந்தது.

மறுபடி உட்கார்ந்து மறுபடி எழுந்தார். விடவில்லை. சிப்பாய்கள் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். ராணி தோளைப் பிடித்து இழுத்தபோது சவுரி ராஜாவின் தோளோடு ஒட்டிக்கொண்டது. மொட்டைத் தலையைப் பொத்திக்கொண்டு ராணி திரைக்குப் பின்னால் ஓடினார், திரும்பி வரவேயில்லை. ஜனம் சிரித்துச் சிரித்து உருண்டது. கங்காணி மட்டும் அழுகிற நிலைமையில் இருந்தார், மங்களம் பாக்கி இருந்தது.

அப்போது அத்தை மேடையேறினார். எங்கள் தோட்டத்தில் ஒரு பெண் மேடையேறி அதுவரை யாரும் பார்த்ததில்லை. அவர் கையில் கத்தரிக்கோல், தேங்காய் எண்ணெய்க் கிண்ணம், மடித்து வைத்த வெள்ளைச் சட்டை ஒன்று. சிரிப்பு சட்டென்று அடங்கியது. அத்தை நிதானமாக ராஜாவின் கழுத்திலிருந்து இடுப்புவரை அங்கியை வெட்டினார். தோளில் ஒட்டிய இடத்தில் எண்ணெய் தடவி உரித்தார். பனியனோடு நின்ற மனுஷனுக்கு வெள்ளைச் சட்டையை நீட்டினார். அவர் அதைப் போட்டுக்கொண்டார், அளவு சரியாக இருந்தது.

துரைக்கு இதெல்லாம் கதையின் பகுதி என்று தோன்றியிருக்க வேண்டும். எழுந்து நின்று கைதட்டினார். கங்காணிக்கு உயிர் வந்தது. தெய்வக் குற்றம் வராமல் காப்பாற்ற வேண்டும் என்ற அவசரத்தில் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். "மாயக் கட்டுக்குள் கிடந்த மதிராஜனை மீட்ட பூமிப் பெண்ணை அவர் மணந்தார்," என்று உரக்கச் சொல்லி, ஒரு மாலையை லோரிக்காரர் கழுத்திலும் இன்னொன்றை அத்தை கழுத்திலும் போட்டு, மங்களத்தைத் தொடங்கிவிட்டார். மேளம் கெட்டிமேளமாயிற்று. பாதிப் பாட்டில்தான் அவருக்கு உறைத்தது. குரல் தேய்ந்தது, ஆனாலும் நிறுத்தப் பயந்து பாடி முடித்தார்.

அம்மன் மாலை, ஊர் முன்னால், கல்யாணம் ஆகாத பெண்ணுக்கும் கல்யாணம் ஆகாத ஆணுக்கும். அப்பா வேகமாக மேடைக்கு வந்தார். அவர் கை மாலையை நோக்கிப் போனது, பாதியில் நின்றது. அம்மன் மாலையை யார் கழற்றுவது?

"இனிமே இவளக் கப்பல்ல ஏத்தினா அம்மன் சும்மா இருப்பாளா?" என்று என் அம்மா கீழேயிருந்து கேட்டார். அப்பாவை ஊரார் முன்னால் அம்மா எதிர்த்துப் பேசி அன்றுதான் கேட்டேன்.

அப்பா லோரிக்காரரைப் பார்த்தார். "என்னாப்பா?" என்றார்.

லோரிக்காரர் வாய் வழக்கம்போல அடைத்துக்கொண்டது. அத்தை அவரை ஒரு பார்வை பார்த்தார். "கட்டிக்கிறேண்ணே," என்றார் அவர். என் மறதிக்காரருக்குச் சொல்ல வந்தது கடைசியில் ஞாபகம் வந்துவிட்டது. அடுத்த முகூர்த்தத்தில் முறையாகத் தாலி கட்டினார்கள். கப்பல் அத்தை இல்லாமல், மூழ்காமல், ஊர் போய்ச் சேர்ந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் மங்குத் தொப்பியைத் தலையிலிருந்து கழற்றவே மாட்டேன் என்று அடம் பிடித்தேன்.

லோரிக்கார மாமா இப்போதும் எந்தக் கல்யாண வீட்டிலும் இந்தக் கதையைச் சொல்வார். நிலவுக்குப் போய் மாட்டிக்கொண்ட ஒரே தமிழன் தான்தான் என்பார். எல்லாம் துரையால் வந்தது, சாயங்கால வெயிலில் வேர்த்து மாவு கரைந்துபோயிற்று என்பார். அந்த இடம் வரும்போது அத்தை வெற்றிலைப் பெட்டிக்குள் எதையோ தேடிக்கொண்டிருப்பார்.

போன மாதம் மகள் வேலை செய்யும் வார்டுக்குப் போயிருந்தேன். கழுவிக் காயவைத்த ரப்பர் கையுறைகளுக்கு உட்கார்ந்து பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். எதற்கு என்று கேட்டேன். "போடலன்னா ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிட்டுப் பிரியாதும்மா," என்றாள். நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தேன். நர்ஸுகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பால் கொட்டகையில் ஆறு வருஷம் தகடு அடித்த கைக்கா அது தெரியாமல் போகும்? வெயில் மேடை என்றும் தெரியும், மங்களம் பாடாமல் கங்காணி விடமாட்டார் என்றும் தெரியும். வெள்ளைச் சட்டையின் அளவும் தெரிந்திருக்கிறது.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது? மாவுக் கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு, நிலவின் ராஜா என்றால் பளபளப்பாகத்தான் இருக்க வேண்டும், அத்தைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு விளையாடப் போனேன்.