கிழித்து மண்ணில் புதையுங்கள்

தங்கையின் கல்யாணத்தில் மண்டபம், சாப்பாடு, நாதஸ்வரம் எல்லாவற்றையும் மாப்பிள்ளை வீட்டார்தான் தீர்மானித்தார்கள். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பம். நல்லவர்கள், ஆனால் முடிவு செய்துவிட்டுத்தான் நம்மைக் கேட்பார்கள். அவர்களிடம் தங்கை ஒன்றே ஒன்று கேட்டாள்: பத்திரிகையை அக்கா கையால் செய்யட்டும். இது நல்லபடியாக முடிந்தால் அடுத்து வேலையைப் பற்றிக் கேட்பதாக அவள் எண்ணம். அடையாறில் பார்க்கும் வேலையைக் கல்யாணத்துக்குப் பிறகும் விடக் கூடாது என்பதுதான் அவளுக்கு முக்கியம். சின்ன விஷயத்தை முதலில் கேட்டு வழி பண்ணிக்கொள்கிறேன் என்றாள். எனக்கு 'சின்ன விஷயம்' என்றது மட்டும்தான் உறைத்தது.

தையற்கடைகளில் மிஞ்சும் பருத்தித் துண்டுகளை மூட்டையாக வாங்கி வந்து, ஊறவைத்து, மிக்ஸியில் கூழாக்கி, துளசி விதை கலந்து, சட்டத்தில் வடித்துத் தாளாக்கினேன். கொட்டிவாக்கம் வீட்டு மொட்டைமாடி முழுக்க என் தாள்கள்தான் காய்ந்தன. மேலே பிள்ளையார், கீழே மணமக்கள் பெயர், ஓரமெல்லாம் எருக்கம்பூ, எல்லாம் நானே வரைந்தது. பின்பக்கம், 'திருமணம் முடிந்ததும் கிழித்து மண்ணில் புதையுங்கள், துளசி முளைக்கும்' என்று எழுதினேன். அம்மா அதைப் படித்துவிட்டு, பின்னாடி இருப்பதை எடுத்துவிடலாமே என்று இழுத்தாள். கடையில் அடிக்கும் பத்திரிகையின் மினுமினுப்புத் தாள் மக்காது, குப்பைமேட்டில் கிடக்கும் என்று அம்மாவுக்கு ஒரு பிரசங்கமே செய்தேன்.

முகூர்த்தப் புடவை எடுக்கப் போன நாளிலேயே பத்திரிகைக் கட்டையும் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோனோம். மாப்பிள்ளையின் அம்மா நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, பூஜையறையில் வைத்துக் கும்பிட்டார். பிறகு ஒன்றை எடுத்துத் திருப்பிப் படித்தார். இன்னொரு தரம் படித்தார். கிழிக்க வேண்டுமா என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். கைவினைச் சந்தையில் கடை போடும்போதெல்லாம் விதைத்தாளைக் கிழித்துக் காட்டுவேன், கூடியிருப்பவர்கள் கைதட்டுவார்கள். அதே உற்சாகத்தில் மேலே இருந்த பத்திரிகையை, மஞ்சள் ஈரம்கூடக் காயாததை எடுத்து, இப்படித்தான் அத்தை என்று கிழித்தேன். பருத்தித் தாள் லேசில் கிழியாது, இழுத்துப் பிய்க்க வேண்டியிருந்தது. தங்கை பெயர் ஒரு கையில், மாப்பிள்ளை பெயர் மறு கையில். என் முகத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது.

"கல்யாணம் நடக்கறதுக்கு முன்னாடியே கிழிச்சிட்டியேம்மா" என்றார், சத்தமில்லாமல்.

என் கையிலிருந்த இரண்டு துண்டையும் வாங்கிப் பித்தளைத் தட்டில் சேர்த்து வைத்து, விளக்கேற்றி, கண்ணை மூடி நின்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் பரவாயில்லை. பழைய காலண்டர் சாமி படத்தைக் குப்பையில் போட மனசு வராமல் அரசமரத்தடியில் வைத்துவிட்டு வருகிறவள்தான் நானும். பிள்ளையாரை வரைந்து, அதன் பின்னால் 'கிழித்துப் புதையுங்கள்' என்று எழுதியபோது அந்தப் புத்தி எங்கே போயிருந்தது? ஊர் மெச்ச வேண்டும் என்ற நினைப்புதான் எனக்கு இருந்திருக்கிறது. அதில் தங்கை கல்யாணம் எனக்கு இன்னொரு சந்தைக்கடை ஆகிவிட்டது.

வழக்கமாகக் கொடுக்கும் அச்சகத்திலேயே வேறு பத்திரிகை அடித்துக்கொள்ளலாம் என்று அவர் தங்கையைப் பார்த்துச் சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை. தங்கை "சரிங்கத்தை" என்றாள். அப்புறம் கடைக்கு இறங்கிப் போனோம். எந்தப் புடவையைக் காட்டினாலும் அவள் அதே சரியைத்தான் சொன்னாள். கடைசியில் அவளுக்குப் பிடிக்காத நிறத்தில் ஒன்றை எடுத்தார்கள்.

திரும்பும்போது ஆட்டோவில் பத்திரிகைக் கட்டு என் மடியில் கனத்தது. சைதாப்பேட்டை தாண்டும்போது தங்கை மெதுவாகக் கேட்டாள்:

"வேலையைப் பத்தி இனிமே அந்த வீட்ல நான் எப்படிக்கா கேப்பேன்?"

நான் அந்த நேரத்தில் யோசித்துக்கொண்டிருந்தது வேறு. பெயர்களை மட்டும் வெட்டி எடுத்துவிட்டால், எருக்கம்பூ ஓரத்தில் நிறைய புக்மார்க் தேறும். அவளுக்குப் பதிலாக அதைத்தான் சொன்னேன்.