சீமாட்டிக்கு வைத்த சோறு

முதலியார்பேட்டையில் எனக்குத் தெரிந்து குதிரை வைத்துப் பிழைப்பவர் தேவதாஸ் ஒருவர்தான். மாப்பிள்ளை ஊர்வலமோ காதணி விழாவோ, பேண்டு செட்டுக்கு முன்னால் அவருடைய வெள்ளைக் குதிரை நிற்கும். பெயர் சீமாட்டி. பெயருக்கேற்ற திமிரும் உண்டு. காதருகே வேட்டு வெடித்தாலும் திரும்பாது, கேசரி வாசனைக்கு மட்டும் திரும்பும். தேவதாசுக்கும் அவர் மனைவி கமலவேணிக்கும் அது வீட்டுப் பெண்.

மாப்பிள்ளையை இறக்கிவிட்ட குதிரையைக் கல்யாண வீட்டார் வெறும் வாயோடு அனுப்ப மாட்டார்கள். ஒரு கை சோறு, ஒரு வாழைப்பழம். அதுவரைக்கும் சரி. போன ஆவணியில் ஒரு மண்டபத்தில், மிஞ்சிய சாதத்தை அன்னக்கூடையோடு கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். தேவதாஸ் கை கழுவிவிட்டு வருவதற்குள் கூடை காலி. "நல்லா சாப்புட்டுச்சுப்பா" என்று சமையற்காரருக்கு ஒரே பெருமை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று எல்லாரும் பள்ளியில் படித்தவர்கள்தான். அது மனிதருக்கு மட்டும் என்று நினைத்துவிட்டார்கள்.

மறுநாள் சாயங்காலம் சீமாட்டி முன்னங்கால்களை நீட்டிவைத்து, பாரத்தையெல்லாம் பின்னங்கால்களில் போட்டுக்கொண்டு நின்றது. ஓர் அடி எடுத்துவைக்கச் சொன்னால் உடம்பு நடுங்கியது. குளம்பைத் தொட்டால் சுட்டது. லாடத்து ஆணி ஏறியிருக்கும் என்று தேவதாஸ் தேடிப் பார்த்தார். ஒன்றுமில்லை.

மாட்டு டாக்டர் செந்தமிழ்ச்செல்வி வந்து பார்த்தார்.

"ஆணியும் இல்ல, முள்ளும் இல்ல. வயித்துக்குப் போன சோறுதான் காலுக்கு வந்துருக்கு" என்றார். "அவ்ளோ சோறு குதிரை வயித்துல புளிச்சு விஷமாயிடும். அது ரத்தத்துல கலந்தா குளம்புக்குள்ள வீக்கம் வரும். நமக்குக் கால் வீங்குனா தோல் எடம் குடுக்கும். குளம்பு நகம் மாதிரி, அது எங்க எடம் குடுக்கும்? உள்ள எலும்பைப் புடிச்சினு இருக்கற சதை பிச்சிக்கும். அப்பறம் எலும்பு கீழ எறங்கிடும்."

"எறங்கிட்டா?"

"எறங்காம பாத்துக்கணும்."

லாடத்தைக் கழற்றினார்கள். வலிக்கு ஊசி போட்டார்கள். தேவதாஸ் தேங்காய்த்திட்டு துறைமுகத்திலிருந்து மீன் பெட்டியில் ஐஸ் கொண்டுவந்து, தொட்டியில் கொட்டி, சீமாட்டியின் முன்னங்கால்களை அதில் நிற்கவைத்தார். கொட்டகையில் முழங்கால் உயரத்துக்கு ஆற்று மணல் பரப்பினார். இதெல்லாம் சுலபம். தானியம் கூடாது, சோறு கூடாது, பச்சைப் புல்கூட வேண்டாம், காய்ந்த புல்லும் தண்ணீரும்தான் என்று டாக்டர் சொன்னாரே, அதுதான் பெரும்பாடு.

குதிரை மெல்லத் தேறியது. பாரத்தை முன்னங்கால்களுக்கு மாற்றி நின்றது. கூடவே பசியும் வந்து, தெருவே கேட்கும்படி கனைத்தது. அவ்வளவுதான், தெருவுக்குப் பொறுக்கவில்லை.

"ஒடம்பு சரியில்லாத ஜீவனைப் பட்டினி போடறியே, நீ நல்லாருப்பியா?" என்றார் எதிர் டீக்கடை கோவிந்தராசு.

"அண்ணே, சோறுதாண்ணே அதுக்கு வியாதி. சத்தியமா சொல்றேன், குடுத்துடாதீங்க."

"சோறு வியாதியா? எங்கயாவது உண்டாய்யா?"

சுவருக்கு மேலே பன் வந்து விழுந்தது. வெல்லம் விழுந்தது. கமலவேணி துடைப்பத்தோடு கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். யாரோ புகார் சொல்லி, விலங்கு நலச் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். விலா எலும்பைப் படம் பிடித்தார்கள், புத்தி சொன்னார்கள், போனார்கள். ஒருவராவது குனிந்து அந்தக் குளம்பைப் பார்த்திருக்கலாம். எனக்கு இன்றும் வயிற்றெரிச்சல் தீரவில்லை.

தெரு முழுவதையும் எதிர்த்து நின்ற கமலவேணிதான் கடைசியில் தோற்றாள். தேவதாஸ் மருந்து வாங்கப் போயிருந்தார். அவள் சோறு வடிக்கிறாள். தட்டு நகரும் சத்தம் கேட்கும்போதெல்லாம் சீமாட்டி கனைக்கிறது. அவள் சாப்பிட உட்கார்ந்தாள், இறங்கவில்லை. பானையைத் தூக்கிக்கொண்டு போய் சீமாட்டி முன்னால் அப்படியே கவிழ்த்துவிட்டாள்.

அவர் வந்ததும் அவளே சொன்னாள். "என்னால முடியலங்க. என்னையே பாத்துச்சு."

அவர் மருந்துப் பையை அவள் கையில் கொடுத்துவிட்டு, ஐஸ் வாங்க ஓடினார்.

இந்தத் தடவை ஐஸ் பலிக்கவில்லை. சீமாட்டி படுத்துவிட்டது. டாக்டர் வந்து உள்ளங்குளம்பைத் துடைத்துக் காட்டினார். எலும்பு முனை வெளியே தெரிந்தது.

"வேற வழியே இல்லியா டாக்டரம்மா?"

"இல்லீங்க. இனிமே உயிரோட வெச்சிருந்தா வலிதான்."

அவர் ஊசியில் மருந்தை ஏற்றினார். சீமாட்டி தலையைத் தூக்கிக் கமலவேணியின் முந்தானையை முகர்ந்தது.

"அதுக்குப் பசிக்குது" என்றார் தேவதாஸ்.

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். பிறகு, "குடுங்க. இனிமே எது வேணும்னாலும் குடுக்கலாம்" என்றார்.

கமலவேணி சோற்றுக் குண்டானைக் கொண்டுவந்தாள். ஆனால் அவள் கை எழவில்லை. தேவதாஸ் வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்து ஊட்டினார். முதலில் கை நிறைய அள்ளினார். குண்டானில் பாதி குறைந்ததும் பிடியைச் சிறிதாக்கினார். பிறகு இன்னும் சிறிதாக. கடைசியில் நான்கைந்து பருக்கைகளாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.