பூவாத்தாள் கேட்ட காகிதம்

“உங்க வீட்டுக்காரர் உங்களுக்கு என்ன உறவு, அக்கா?”

“அத்தை பையனுங்க, அம்மிணி.”

“அவரைப் பெத்தவங்க?”

“அவங்களும் அப்படித்தானுங்க. எங்க ஊட்டுக்கு வெளிப்பொண்ணு வந்ததே இல்லை. வந்தா தறி ஓடாதுன்னு நெனப்பு.”

“பையனுக்கு வயசு?”

“ஆறு. இன்னும் அம்மான்னு கூப்பிடலீங்க. மூத்தது கூப்பிடாமயே போயிருச்சு.”

“இதுக்கு மருந்து இல்லைன்னு டாக்டர் சொன்னாரா?”

“சொன்னாருங்க. நான் மருந்துக்கு வரலை. எம் மேல மட்டும் தப்பில்லைன்னு ஒரு காயிதம் வேணும். அதை எம் புருசன் மூஞ்சிக்கு நேரா படிக்கோணும்.”

என் படிவத்தில் அதற்கு இடம் இல்லை.

அது 1939. டாக்டர் சரவணமுத்து அயோத்தியாப்பட்டணத்தில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து, மூளை வளராத குழந்தைகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். தாய்மார் தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் எழுதுவது என் வேலை. சில குழந்தைகளின் உடம்பு உணவில் உள்ள ஒரு சத்தை மாற்ற முடியாமல் தேக்கிவைக்கிறது. அது மூளையைக் கெடுக்கிறது. அவர்களுடைய சிறுநீரில் துருநிற இரும்புத் திராவகம் சில சொட்டு விட்டால் பச்சையாகும். நூற்று முப்பது குழந்தைகளைப் பார்த்த பிறகு, முதல் பச்சை பூவாத்தாளின் மகனிடம் வந்தது.

அவள் புருஷன் செங்கோடன் வெண்ணந்தூரில் தறியும் சாயத்தொட்டியும் வைத்திருந்தான். பூவாத்தாளின் வயிறு விஷ வயிறு என்று ஊர் முழுக்கச் சொல்லி, தன் அக்காள் மகள் அங்காளம்மாளை இரண்டாந்தாரமாகக் கட்ட நாள் பார்த்துவிட்டான். பச்சை வந்த செய்தி கேட்டதும் சிரித்தான்.

“சாயக்காரன் ஊட்டுப் புள்ளை பச்சையா ஒண்ணுக்குப் பேயாம வேறெப்படிப் பேயும்?”

ஊரும் சிரித்தது. அந்த வீட்டில் சோற்றுப் பானையில்கூடச் சாயக்கறை இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் நெசவு நூலைப் பாவாக நீட்டும் பாவடியில், பெரியவர்கள் முன்னால் சோதனையைச் செய்துகாட்டும்படி பூவாத்தாள் டாக்டரைக் கேட்டுக்கொண்டாள். போனோம். டாக்டர் கையெழுத்திட்ட காகிதத்தைத் தமிழாக்கி நான் வைத்திருந்தேன்.

பையனின் குழாய் பச்சையானது. பூவாத்தாள் இன்னொரு குழாயை எடுத்துப் புருஷனிடம் நீட்டினாள்.

“ஏனுங்க மாமா, நீங்களும் அதே தொட்டியிலதானே கைய உட்டுக்கிட்டு இருக்கறீங்க. சாயம்னா உங்களுதும் பச்சையா வரோணுமல்ல?”

இப்போது ஊர் அவனைப் பார்த்துச் சிரித்தது. மறுக்க முடியாமல் சுவருக்குப் பின்னால் போய் வந்தான். அவனுடையது பச்சையாகவில்லை. சாயம் இல்லை என்று தெரிந்துவிட்டது. அவள் முகத்தில் அப்படி ஒரு களிப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை. தன்னுடையதையும் கொண்டுவந்து கொடுத்தாள். அதுவும் மாறவில்லை.

“சத்தமாப் படிங்க அம்மிணி” என்றாள். படித்தேன். இந்த நோய் தாயிடம் பாதி, தகப்பனிடம் பாதி ஒளிந்திருக்கும்; இரண்டும் சேர்ந்தால்தான் வெளியே தெரியும்; ஒருவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

“ஒளிஞ்சிருக்கறதைக் காட்ட முடியுமாங்க?” என்று கேட்டார் பெரியவர் தங்கசாமி.

முடியாது என்றார் டாக்டர். அதைக் காட்டும் திராவகம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

செங்கோடன் நிமிர்ந்தான். “எங்கிட்ட இல்லாதது புள்ளைக்கு எப்படிங்க வரும்? அது யாரு புள்ளைன்னு அவளையே கேளுங்க.”

அவனுக்கு அந்தச் சாட்சியைத் தந்த குழாயை நீட்டியவள் அவளே. பூவாத்தாள் பையனைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். ஐப்பசியில் கல்யாணம் நடந்தது. அந்தக் கல்யாணம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லி நான் முன்பே எழுதிய கடிதத்தைப் பெண்ணின் தாய் ஆத்தாயி அடுப்பில் வைத்ததாகக் கேள்விப்பட்டோம்.

பூவாத்தாள் கொமாரபாளையத்தில் அண்ணன் வீட்டில் தறி போட்டாள். செங்கோடன் யாருக்கும் சொல்லாத அரக்குச் சாயத்தின் பக்குவத்தை அங்கே கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தாள். இரண்டு வருஷத்தில் வெண்ணந்தூர்ச் சேலைக்கு இருந்த பேர் போயிற்று. அதில் அவள் திருப்தி அடைந்ததாகத் தெரியவில்லை.

அங்காளம்மாளுக்குக் குழந்தை பிறந்த மாதம் பூவாத்தாள் என்னைப் பார்க்க வந்தாள். இடுப்பில் பையன் இருந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“என்னைக்காவது அந்தப் புள்ளைய இங்க தூக்கிட்டு வருவாங்க அம்மிணி. பச்சை வந்தா அவருகிட்டயும் இருக்குதுன்னு ஆகுமல்ல, எனக்கு ஒரு கார்டு போடுங்க. வராட்டிப் போட வேண்டாம்” என்றாள்.