ஒன்றாம் மண்டலத்தில் என் கடை

நான் மூன்றாவதோடு படிப்பை நிறுத்தியவன். திண்டிவனம் பேருந்து நிலையத்தில் கூடை தூக்கி அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்றே, விழுப்புரத்தில் பாண்டி சாலை சந்தி ஒன்றில் சொந்தக் கட்டடம் கட்டினேன். மற்றவர்கள் கோயில் பார்த்து, பள்ளிக்கூடம் பார்த்துக் கடை போடுவார்கள். நான் சிக்னலைப் பார்த்துப் போட்டேன். சிவப்பு விழும், பேருந்து நிற்கும், என் ஆட்கள் சன்னல் சன்னலாகப் பொட்டலம் நீட்டுவார்கள். எந்தக் கல்லூரியிலும் இதைச் சொல்லித் தருவதில்லை.

போன வருடம் ஊர் சிக்னல்களை மண்டலம் மண்டலமாகப் பிரித்துக் கம்ப்யூட்டரில் இணைக்கப் போவதாக ஒரு பெண் இன்ஜினியர் வரைபடத்தோடு வந்தார். டவுனில் இருக்கும் பெரிய ஆபீஸ்கள் எல்லாம் ஒன்றாம் மண்டலம். நானும், வளவனூர்ப் பக்கம் அடுத்த சிக்னலில் டீக்கடை வைத்திருக்கும் என் மச்சானும் இரண்டாம் மண்டலம். எந்தக் கல்யாணத்திலும் முதல் பந்தியைத் தவிர நான் உட்கார்ந்ததில்லை.

"இது ஆவாதும்மா. என்னை ஒண்ணாவது ஜோன்ல போடுங்க."

"நம்பர்ல மரியாதை எதுவும் இல்லீங்க ஐயா. ஒரு ஜோன்ல இருக்கற சிக்னலெல்லாம் ஒத்துமையா மாறும், அவ்ளோதான்."

"அந்த ஒத்துமை பெரிய மனுசங்களோட இருக்கட்டும்னுதான் சொல்றேன்."

வணிகர் சங்கத்தில் கையெழுத்து வாங்கி மனு கொடுத்தேன். இன்ஜினியரம்மா சாலையில் நின்று வண்டிகளை மறுபடி எண்ணினார். "உங்க சந்திக்கு வர்ற வண்டி முக்கால்வாசி டவுன்லருந்துதான் வருது. மாத்திடலாங்க" என்றார். கணக்காம். என் செல்வாக்கு எனக்குத் தெரியாதா? என் படத்தோடு வாசலில் பேனர் கட்டினேன்.

புது சிக்னல்களை ஓடவிட்டார்கள். டவுனில் கிளம்பிய பேருந்து என் சந்திக்கு வரும்போதெல்லாம் பச்சை. என் ஆட்கள் பொட்டலத்தை நீட்டி நீட்டி மடக்கினார்கள். அவித்த மல்லாட்டை மறுநாள் தாங்காது. நான்காம் நாள் ஆபீசுக்குப் போனேன்.

"ஒரே ஒரு நிமிசம் சிவப்பு போடும்மா."

"வண்டி நிக்காம போவணும்னுதானே ஜோன் பிரிச்சோம்."

"அப்ப எங்கதான் நிக்கும்?"

"ஒரு ஜோன் முடிஞ்சி அடுத்தது ஆரம்பிக்கற எடத்துல. ரெண்டும் வேற வேற நேரத்துக்கு மாறுதில்லீங்களா." வரைபடத்தில் அவர் விரல் மச்சானின் டீக்கடை மேல் இருந்தது.

சாயங்காலம் மச்சானே வந்தான். "என்ன மாமா, ஒண்ணாவது ஜோன் எப்டி போவுது?"

"ஜல்தியா போவுது."

"நம்ம பக்கம் பஸ்ஸுங்க நின்னுக்கினு கெடக்குது. கூடைய தூக்கிக்கினு வாங்க. ரெண்டாவது பந்திதான், பரவால்லியா?"

மறுநாள் நானே கூடையோடு போனேன். முப்பது வருடம் கழித்தும் என் குரல் கடைசி சீட்டு வரை எட்டியது. நாலு பேருந்து நிற்பதற்குள் கூடை காலி. மச்சான் பாய்லரில் டீ பாதிகூடத் தீரவில்லை.

பேனரை இன்னும் அவிழ்க்கவில்லை. படம் நன்றாக வந்திருக்கிறது. நின்று பார்க்கத்தான் யாருக்கும் சிவப்பு விழுவதில்லை.