வில்லுக்குப் பூசிய மீனெண்ணெய்

மூன்று வாரத்துக்கு முன்பு, போய்க்கொண்டிருந்த வாகனத்தை நிறுத்தச் சொல்லி என் மனைவி நடு றோட்டில் இறங்கிவிட்டாள்.

சண்டை இல்லை. சந்தோஷப்படாதீர்கள்.

தலைமன்னாரிலிருந்து மன்னார் டவுனுக்குப் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் ரயில் கடவை. "இஞ்சாருங்கோ, நிப்பாட்டுங்கோ. நான் நடந்து வாறன்" என்றாள் றெஜினா. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு தண்டவாளத்தை நடந்தே கடந்து, அந்தப் பக்கம் போய் நின்றாள். நான் அவளில்லாத வாகனத்தைக் கடவைக்கு மேலால் ஓட்டிக்கொண்டு போய், திரும்பவும் அவளை ஏற்றினேன். பின்னால் நின்ற ஓட்டோக்காரர் ஹோர்ன் அடிக்கவில்லை. பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

எட்டு மாதத்துக்கு முன்பு றெஜினாவுக்கு முள்ளந்தண்டில் ஒப்பரேஷன். நல்லபடியாக முடிந்தது. நடக்கலாம், படி ஏறலாம், சமைக்கலாம் என்றார் டொக்டர். (சமைக்கலாம் என்றபோது அவள் டொக்டரைப் பார்த்த பார்வை இருக்கிறதே...) ஒன்றே ஒன்றுதான் கூடாது. குலுக்கம்.

எங்கள் வீட்டில் இருப்பதோ ஒரு பிக்கப். அதுவும் உயர்த்திய பிக்கப். மாரிக்கு முசலிப் பக்கத்து மண் பாதைகளில் தண்ணீர் நிற்கும், சாதாரண வாகனம் போகாது என்று சொல்லித்தான் போன வருடம் மூன்று அங்குலம் உயர்த்தினேன். கொஞ்சம் ஸ்டைலுக்கும்தான். ஏன் பொய் சொல்ல வேண்டும்? உயர்த்திய நாளில் நான் அதைச் சுற்றிச் சுற்றி எடுத்த படங்களை இப்போது பார்த்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

ஸ்டைல் வந்தது. சுகம் போனது. பின்பக்கம் கருங்கல் மாதிரி ஆகிவிட்டது. மாதம் ஏற ஏற இன்னும் மோசம். சின்னக் கல் ஒன்றில் ஏறினாலும் அந்த அடி நேராக முதுகுக்கு வரும். எனக்கே அப்படி என்றால் தகடு வைத்துப் பூட்டிய முதுகுக்கு?

சரி, பிக்கப்பில் ஏறாமல் இருந்துவிட்டால் போயிற்று என்பீர்கள். அங்கேதான் சிக்கல்.

றெஜினாவின் தங்கை டிலானி முள்ளிக்குளம் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். கலியாணமாகிப் பதினொரு வருடம் குழந்தை இல்லை. அந்தப் பதினொரு வருடமும் றெஜினா வைக்காத நேர்த்தி இல்லை, ஏறாத கோயில் இல்லை. இந்த வருடம் ஒரு பெண் குழந்தை. ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாய் யார் என்று கேட்கவே தேவையில்லை. றெஜினாதான் குழந்தையை ஏந்தி நிற்க வேண்டும். மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று நாளும் குறித்தாயிற்று.

வான் ஒன்றை ஹயருக்குக் கேட்டேன். "சேர், கடைசி ரெண்டு கட்டைத் தூரமும் இப்ப தண்ணிக்குள்ள. வானுக்கு வயிறு தட்டும். நான் வரமாட்டன்" என்று சொல்லிவிட்டார் டிரைவர். பஸ் என்றால் இரண்டு இடத்தில் மாறி, இறங்கி, மிச்சத் தூரம் சேற்றில் நடக்க வேண்டும். ஆக, எங்களுக்கு இருந்த ஒரே வழி அந்தப் பிக்கப்.

ரயில் கடவை விஷயம் நடந்த அன்று பின்னேரம் றெஜினா தங்கைக்கு போன் எடுத்தாள். "எனக்கு வர ஏலாதடி. வேற ஆரையும் ஞானத்தாயாப் பிடி" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். டிலானி விடவில்லை. நாளைத் தள்ளிப் போடுவோம் என்றாள் போல. "என்ர முதுகுக்காகப் பிள்ளையின்ர ஞானஸ்நானத்தைப் பின்னுக்குப் போடுறதோ? விசர்க்கதை கதையாதை" என்று போனை வைத்தாள். வைத்துவிட்டுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். மூன்று அங்குல ஸ்டைலுக்காக இந்த மனுஷியின் பதினொரு வருட ஆசையில் மண் போட்டுவிட்டேனே!

நான் சும்மா இருக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். டவுனில் ஒரு கராஜில் பின் ஷொக் அப்சோபர் இரண்டையும் மாற்றினேன். பிரயோசனமில்லை. டயரில் காற்றைக் குறைத்தேன். கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் ஸ்டியரிங் இழுத்தது. பாரம் ஏற்றினால் மெதுவாகும் என்று யாரோ சொல்ல, பின் பெட்டியில் நாலு மண் மூட்டையை அடுக்கினேன். மழை பெய்து மூட்டை ஊறியதுதான் மிச்சம்.

இதற்கு மேல் எனக்கு ஒரு உதவியாளர் வேறு. றெஜினாவின் தம்பி யூட். கடல் தொழில். அக்கா என்றால் உயிர். வாகனத்தை உயர்த்திய நாளிலிருந்து அதன் அடிப்பாகத்துக்கு அவன்தான் காவல். "உப்புக் காத்து இரும்பைத் தின்னும் அத்தான், விடக்கூடாது" என்று மாதம் ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு தகர வாளியோடு வந்துவிடுவான். வாளிக்குள் மீனெண்ணெய். சூடை மீனில் காய்ச்சியது. அவர்களுடைய பழைய மரத்தோணிக்குப் பூசுவது. தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி, துணியில் தோய்த்து, கீழே படுத்துக்கொண்டு பின் சில்லுக்கு மேலே பாரம் தாங்கி வளைந்து கொடுக்கும் வில்லுத் தகடுகளுக்கெல்லாம் தேய்ப்பான். வெயிலில் காயவிட்டு இன்னொரு தடவை பூசுவான். துருப் பிடிக்கவில்லை, உண்மை. ஊரில் உள்ள பூனை முழுவதும் எங்கள் வாகனத்துக்குக் கீழே குடியிருந்தது, அதுவும் உண்மை.

அக்காவுக்கு முதுகு நோகிறது, வாகனம் இறுக்கமாக இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் அவன் துடித்துப் போனான். என்ன செய்தான் தெரியுமா? மாதம் ஒரு தடவை பூசியதைக் கிழமைக்கு இரண்டு தடவை ஆக்கினான். எண்ணெய் போட்டால் இளகும்தானே! நானும் பக்கத்தில் குந்தியிருந்து, "இந்தப் பக்கமும் ஒரு கை பூசு தம்பி" என்று கைகாட்டினேன்.

ஞானஸ்நானத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது, எதற்கும் ஒரு தடவை ஓடிப் பார்ப்போம் என்று நானும் யூட்டும் கிளம்பினோம். காலை நீட்டிச் சாய்வதற்காக றெஜினா உட்காரும் பின் சீற்றில் அவன் உட்கார்ந்தான். அக்காவுக்கு எங்கே நோகும் என்று பார்க்கப் போகிறானாம். சிலாவத்துறை தாண்டும் வரை பாட்டுப் பாடிக்கொண்டு வந்தவன் அதற்குப் பிறகு பாடவில்லை. மறிச்சுக்கட்டிக்குக் கிட்ட ஒரு மதகில் ஏறி விழுந்ததும், "அத்தான், நிப்பாட்டுங்கோ" என்றான். இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா இதிலேயோ இவ்வளவு நாளும் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவ?"

ஓம் என்றேன். அவன் முகம் வாடிவிட்டது.

நிறுத்திய இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு தகரக் கொட்டகை. டிராக்டர் பழுதுபார்க்கும் நிஸ்தார் நானாவின் இடம் அது. (நானா என்றால் அந்தப் பக்கத்தில் அண்ணன்.) யூட் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து அவரே கையைத் துடைத்தபடி வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒன்றையும் கழற்றவில்லை. யூட்டைப் பார்த்து, "தம்பி, பின்னுக்கு ஏறிக் குதிங்க" என்றார்.

யூட் ஏறிக் குதித்தான். நல்ல பாரமான ஆள். டயர் அமுங்கி எழும்பியது. வில்லு அசையவே இல்லை.

"இன்னொருக்கா."

குதித்தான். வில்லு அப்படியே இருந்தது.

நானா கீழே படுத்தார். மூக்கைத் தகட்டுக்குக் கிட்டக் கொண்டுபோனார். நகத்தால் சுரண்டினார். வெளியே வந்து என்னைப் பார்த்தார். "சேர், இதுக்கு என்ன பூசினீங்க?"

யூட் என்னைப் பார்த்தான். எனக்கு அவனைக் காட்டிக் கொடுக்க மனம் வரவில்லை. "நான்தான்... துருப் பிடிக்காமல் இருக்க..." என்று இழுத்தேன்.

"இல்லை நானா. நான்தான் பூசினனான். மீனெண்ணெய். தோணிக்குப் பூசுறது" என்றான் யூட்.

நிஸ்தார் நானா சிரிக்கவில்லை. தரையில் ஒரு பலகைத் துண்டை எடுத்து வைத்து விளக்கினார். "தோணியில பலகையும் பலகையும் ஒட்டிப் பிடிக்கோணும். இடையில தண்ணி போகக் கூடாது. மீனெண்ணெய் காஞ்சா வார்னிஷ் மாதிரி இறுகும். அதாலதான் தோணிக்குப் பூசுறது. வில்லு அப்படியில்ல. பாரம் வரக்குள்ள தகட்டுக்கு மேல தகடு வழுக்கோணும். வழுக்கினாத்தான் வளையும். நீங்க எல்லாத் தகட்டையும் ஒட்டி ஒரே இரும்பாக்கிட்டீங்க. இடையில றோட்டு மண்ணும் போய்ச் சேர்ந்திட்டு." பிறகு யூட்டின் தோளில் தட்டினார். "எண்ணெயில பிழையில்ல தம்பி. அது தன்ர வேலையைச் சரியாத்தான் செஞ்சிருக்கு."

யூட் கொட்டகைப் பக்கம் போய்த் திரும்பி நின்றான். கடலில் எத்தனையோ பார்த்தவன். அவன் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அன்று முழுவதும் வேலை. வில்லைக் கழற்றி, உளி வைத்துத் தட்டித் தகடுகளைப் பிரித்தார் நானா. பிரியும்போது 'சடக்' என்று காய்ந்த பிசின் உடைவது மாதிரி ஒரு சத்தம். கம்பித் தூரிகையால் தேய்த்து, தகடு தகடாக கிறீஸ் போட்டார். என் பங்குக் குற்றமும் உள்ளே இருந்தது. உயர்த்தியவர்கள் இருந்த ஏழு தகட்டோடு எட்டாவதாக ஒரு தடித்த தகட்டைச் செருகியிருந்தார்கள். "உயரம் வேணுமெண்டா வில்லை ஏன் இறுக்கோணும்?" என்று அதை எடுத்து எறிந்துவிட்டு, அச்சுக்கும் வில்லுக்கும் நடுவில் ஒரு இரும்புக் கட்டையை வைத்தார். உயரம் அதேதான். இறுக்கம் மட்டும் இல்லை.

கடைசியாக போல்ட்டை முறுக்கும்போது ஜாக்கை இறக்கிவிட்டு எங்கள் இருவரையும் வாகனத்துக்குள் ஏறி உட்காரச் சொன்னார். அந்தரத்தில் தொங்கவிட்டு முறுக்கினால் வில்லு நுனிகளில் இருக்கும் இறப்பர் முறுகிக்கொண்டு நிற்குமாம். பாரத்தோடு நிற்கும்போதுதான் முறுக்க வேண்டுமாம். இருபது நிமிஷம் நானும் மைத்துனனும் நல்ல பிள்ளைகளாக உள்ளே உட்கார்ந்திருந்தோம். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

முறுக்கி முடிந்ததும் யூட் போய்த் திரும்பவும் பின்னால் ஏறிக் குதித்தான். வில்லு ஆடியது. அமுங்கி, எழும்பி, நின்றது. அவன் இன்னும் நாலு தடவை குதித்தான். நான் தடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து நான் இஞ்சினை நிறுத்துவதற்குள் அவன் உள்ளே ஓடிவிட்டான். "அக்கா, உன்ர முதுகை இவ்வளவு நாளும் நோகப் பண்ணினது நான்தான்" என்று அவள் முன்னால் நின்றான். றெஜினா முழுக் கதையையும் கேட்டாள். பிறகு, "அப்ப ஒப்பரேஷன் பிழையெண்டு நான் அந்த டொக்டரையெல்லோ வீணாத் திட்டிப் போட்டன்" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். யூட் மட்டும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். அன்று இரவே றெஜினா தங்கைக்கு போன் எடுத்து, "வேற ஆரையும் பிடிக்காதையடி, நான் வாறன்" என்றாள்.

யோசித்துப் பார்க்கிறேன். நாம் எல்லோருமே இப்படித்தான், இல்லையா? நமக்குக் கைவந்த மருந்து ஒன்றுதான். அதை எல்லாவற்றுக்கும் பூசுகிறோம். வாத்தியார் வீட்டிலும் பாடம் எடுக்கிறார். வியாபாரி நண்பனிடமும் பேரம் பேசுகிறார். நான்... எல்லாவற்றையும் எழுதித் தொலைக்கிறேன். வேலை செய்யவில்லை என்றால் மருந்தை மாற்றுவதில்லை, இன்னொரு கை கூடப் பூசுகிறோம். அன்பில் குறையே இல்லை. எங்கே பூசுகிறோம் என்பதில்தான் குறை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முதல் நாள் மழை. பாதை முழுவதும் தண்ணீர். நான் கண்ணாடியில் பின் சீற்றைப் பார்த்துப் பார்த்து, பள்ளம் பள்ளமாகத் தடவித் தடவி ஓட்டினேன். றெஜினா மடியில் குழந்தையின் வெள்ளைச் சட்டையை வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். போய் இறங்கியபோது யார் கையையும் பிடிக்காமல் இறங்கினாள்.

பூசை முழுவதும் நிமிர்ந்து நின்றாள். தலையில் தண்ணீர் ஊற்றியபோது குழந்தை வீரிட்டது. றெஜினா அதைத் தோளில் போட்டுத் தட்டினாள். பக்கத்தில் நின்ற டிலானி அக்காவின் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டே இருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குப் பின்னால் நின்ற யூட்டைத் திரும்பிப் பார்க்கும் தைரியம் இருக்கவில்லை. ஆண்டவரே, போதும் என்று மட்டும் சொல்லிக்கொண்டேன்.

திரும்பி வரும்போதும் நான் அதே மாதிரி ஊர்ந்து ஊர்ந்துதான் வந்தேன். முள்ளிக்குளம் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்திருப்போம். பின் சீற்றிலிருந்து ஒரு குரல்.

"என்னப்பா, மாட்டு வண்டிலோ ஓட்டுறீங்க? விடிஞ்சிடும் போல கிடக்கு. அக்சிலேட்டரைக் கொஞ்சம் அமத்துங்கோவன்!"

எட்டு மாதமாக இந்த ஏச்சுக்குத்தான் ஏங்கிப் போயிருந்தேன். அமத்தினேன்.